யாம் கல் என்று சொன்ன உயிர்



மழைக்காலம் வந்துவிட்டால் நம் துறவியர் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்கிவிடுவர். சாதுர்மாஸ்யம் என்று அதனைப் போற்றுகிறோம். ஈரம் கண்ட மண்ணில் புல்லும் பாசியும் புழுவும் பூச்சியும் பெருகும். வைக்கும் ஒவ்வோர் அடியும் ஓர் உயிரை நசுக்கும். ஆகவே நடையையே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்தம் முடிவு. பிற உயிரின் பொருட்டுத் தம் பயணத்தையே அவர்கள் நிறுத்திக்கொள்வதை எண்ணிப் பார்த்தால், நம் நெறியின் பெருமை விளங்கும். அந்தப் பெருமையைப் பேசும் தகுதி எமக்கு உண்டா என்ற ஐயம் சில காலமாக எம்மை வருத்துகிறது. அதற்குக் காரணம் எம் வீட்டு அலமாரியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் ஒரு சிறு பொருள். அதனைப் பற்றியதே இவ்வுரை.

யாம் செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய காலத்தில், ஆசிரியர் பயிற்சி பெறும் இளம்பெண்கள் கற்பித்தல் பயிற்சிக்காக எம் வகுப்புக்கு வருவது வழக்கம். 1981ஆம் ஆண்டில் ஒருநாள் அவர்களையும் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா சென்றோம். கடற்கரைக் கோயிலுக்கு அருகே சங்கு, சோழி, சிப்பிமாலை விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. அங்கே மரக்கிளைபோல் கிளைத்த வெண்ணிறப் பவளத் துண்டொன்றை விலை பேசி வாங்கினோம். பள்ளியின் அறிவியல் அலமாரியில் அதை வைத்து, ‘பவளக்கல்’ என்று எம் கையாலேயே எழுதி ஒட்டினோம். “அம்மா, இதற்கு உயிர் உண்டா?” என்று ஒரு பயிற்சி மாணவி கேட்டாள். “கடலில் விளையும் கல் அம்மா, கல்லுக்கு ஏது உயிர்?” என்று விடை சொன்னோம். அவளும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பணி ஓய்வு பெற்றபோது அத்துண்டு எம்மோடு வீட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த மாணவியே, தானும் ஓய்வு பெற்ற நிலையில், எம்மைக் காண வந்திருந்தாள். அலமாரியைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “அம்மா, நீங்கள் சொன்னதையே நானும் இருபது ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தூத்துக்குடிப் பக்கம் மாற்றலாகிப் போன பிறகுதான் அது கல் இல்லை என்று தெரிந்தது” என்றாள். அவள் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே அச்சொல் எம்மை ஆழமாகத் தைத்தது. ஆசிரியர் செய்யும் பிழை ஒருவரோடு நிற்பதில்லை. ஆசிரியர்க்கு ஆசிரியர் செய்யும் பிழையோ ஊர் ஊராகப் பரவும்.

பவளத்தின் இயல்பைச் சற்றே அறிந்துகொள்வோம். பாலிப் என்று அறிவியலார் கூறும் மிகச் சிறிய உயிர்கள் கடலடியில் கூட்டமாக வாழ்கின்றன. மெல்லிய பைபோன்ற உடல், ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்விழைகள், இவ்வளவே அவற்றின் வடிவம். அவை கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. முன்னோர் கட்டிய வீட்டின்மேல் பின்னோர் கட்டுகின்றனர். இவ்வாறு பல நூறு தலைமுறை கட்டிய குடியிருப்பே பவளப்பாறை. பாறைபோல் திரண்ட வகைகள் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசிக்கு இடம் தருவது பவளம். வெயிலைக் கொண்டு உணவாக்கிப் பவளத்துக்குப் பங்கு தருவது பாசி. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே உயிர்களின் இயல்பு என்று நம் ஆசாரியர்கள் சூத்திரம் செய்தனரன்றோ? அதற்குக் கடலடியில் இதனினும் சிறந்த சான்று உண்டோ? மீனும் நண்டும் இறாலும் அப்பாறையின் இடுக்குகளில்தாம் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன.

சங்கையும் சிப்பியையும் ஈரறிவுயிர் என்று தொல்காப்பியரும் நம் ஆகமங்களும் வகுத்தமை நீங்கள் அறிந்ததே. பவளத்தையோ நம் முன்னோர் மண்ணுடல் பெற்ற ஓரறிவுயிர்களோடு சேர்த்து எண்ணினர். இன்றைய அறிவியல் அதற்கு வாயும் உண்டு, தொடுவுணர்வும் உண்டு என்கிறது. எண்ணிக்கையில் வேறுபாடு இருக்கலாம். உயிர் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். முன்னோர் அதனை மண்ணென்று கருதியபோதும் அம்மண்ணுக்குள் ஓர் உயிர் உறைகிறது என்றே சொன்னார்கள். யாமோ அறிவியலையும் கல்லாமல், ஆகமத்தையும் நினையாமல், ‘கல்லுக்கு ஏது உயிர்’ என்று சொல்லிவிட்டோம். சமணக் குடியில் பிறந்தவர் வாயில் வரத்தகாத சொல் அது.

எம் அலமாரியில் உள்ள துண்டு எந்தக் கடலில் உடைக்கப்பட்டதோ, யாம் அறியோம். ஆனால் நம் தமிழகத்தில் பவளத்தின் பெருங்குடியிருப்பு மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரையோரமாக 21 தீவுகள் வரிசையாக அமைந்தன. அவற்றைச் சூழ்ந்த கடலை 1986இல் தேசியக் கடற்பூங்காவாகவும், 1989இல் வளைகுடாவை உயிர்க்கோளக் காப்பகமாகவும் அரசு அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் அங்குள்ளன. எனினும் பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளப்பாறைகளை உடைத்துப் படகு படகாகக் கொண்டுவந்தனர். அலையைத் தடுத்துநின்ற பாறை போயிற்று. தீவின் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன் பின்னரே உடைப்பதும் விற்பதும் அடங்கின. நம் ஊர்களில் வெள்ளையடித்த சுவரும் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பும் எங்கிருந்து வந்தன என்று அந்நாளில் நாம் எவரும் கேட்டதில்லை.

உடைப்பவரின் கடப்பாரை கண்ணுக்குத் தெரியும். அதனால் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் வரும் மற்றொரு கேடு உண்டு. கடல்வழியே செல்லும் எண்ணெய்தான் அது. அக்கேட்டைச் செங்கல்பட்டுக் கரையோர மக்கள் அண்மையிலேயே கண்டிருக்கின்றனர்.

2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் விடியற்பொழுதில், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று எரிவாயு ஏற்றும் ‘பி.டபிள்யூ. மேப்பிள்’. மற்றொன்று எண்ணெய் ஏற்றிவந்த ‘டான் காஞ்சிபுரம்’. காஞ்சி என்றதும் நமக்குத் திருப்பருத்திக்குன்றத்துத் திருக்கோயில் நினைவுக்கு வரும். சமந்தபத்திர ஆசாரியரை மரபு இணைத்துப் பேசும் நகரம் நினைவுக்கு வரும். அத்திருநகரின் பெயரைத் தாங்கிய கப்பலிலிருந்துதான் கருநிற எரியெண்ணெய் கடலில் கலந்தது. முதலில் எண்ணெய் ஏதும் கசியவில்லை என்றனர். பிறகு சிறிதளவே என்றனர். இறுதியில் நூறு டன்னுக்கும் மேலான எண்ணெய்ச்சேற்றைக் கரையிலிருந்து அள்ளவேண்டியதாயிற்று. கடலோரக் காவல் படையினரும் துப்புரவுப் பணியாளரும் மீனவரும் கல்லூரி மாணவரும் வாளிகளைக் கொண்டு கையால் அள்ளினர். அக்காட்சியை நாளிதழ்களில் நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அப்பருவத்தில் நீரோட்டம் தெற்கு நோக்கியது. எண்ணெயும் தெற்கே வந்தது. திருவள்ளூர், சென்னை, காஞ்சிபுரம் ஆகிய மூன்று மாவட்டக் கரைகளும் பாதிக்கப்பட்டன. செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019இல்தான் என்பதால், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கடற்கரை என்பது நம் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினக் கரையே. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்கள் அவை. மீன் வாங்குவார் இன்றி மீனவர் குடும்பங்கள் வருந்தின. மீன்பிடித்தல் நமக்கு உடன்பாடான தொழில் அன்று. ஆயினும் பசித்திருப்போரின் துன்பத்தில் நாம் மகிழ்தல் அறமாகாது. மீண்டும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து, எண்ணூர்க் கழிமுகத்தைக் கருக்கியது. மாமல்லபுரத்துக்கு அருகே நாம் பாலம் கடந்து செல்கிறோமே, அக்கால்வாயும் அதே பக்கிங்ஹாம் கால்வாய்தான்.

நம் செங்கல்பட்டுக் கரையில் மன்னார் வளைகுடாவைப் போன்ற பவளத் தீவுகள் இல்லை. ஆனால் எண்ணூரில் நடந்தது தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நடந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். துறைமுகத்தின் பக்கத்திலேயே வான்தீவு உள்ளது. எண்ணெய் நீரின்மேல் மிதப்பது, ஆகையால் அடியில் உள்ள பவளத்துக்குத் தீங்கில்லை என்று ஒரு காலத்தில் கருதினர். 1986இல் பனாமா நாட்டுக் கரையில் சுத்திகரிப்பு ஆலையின் தொட்டியொன்று உடைந்து, 80 இலட்சம் லிட்டருக்கும் மேலான எண்ணெய் கடலில் கலந்தது. ஆய்வாளர் பல ஆண்டுகள் அங்கே தங்கி ஆராய்ந்தபோது, நீருக்கடியில் இருந்த பவளங்களும் மாண்டமையும் எஞ்சியவை நலிந்தமையும் தெரியவந்தன. எண்ணெயைச் சிதறச்செய்யும் வேதிப்பொருளைத் தெளித்தால் மேற்பரப்பு தூய்மையாகத் தோன்றும். ஆனால் எண்ணெய் துளித்துளியாகப் பிரிந்து கீழே இறங்கும். நீரில் மிதந்து இடம் தேடும் பவளக் குஞ்சுகளே முதலில் அழியும். கண்ணுக்குத் தூய்மையாகத் தெரிவதெல்லாம் தூய்மை ஆகிவிடாது.

இனி இதன் அரசியலைப் பார்ப்போம். கப்பல் யாருடையது என்ற கேள்வி தமிழர்க்குப் புதிதன்று. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது அக்கேள்வியையே எழுப்பினார். இன்று அதற்கு விடை காண்பது மிகக் கடினம். உரிமையாளர் ஒரு நாட்டார். வாடகைக்கு எடுத்தவர் வேறொரு நாட்டார். மாலுமிகள் மற்றொரு நாட்டார். காப்பீடு செய்தவர் இன்னொரு நாட்டார். கொடியோ இவர்களில் எவருடைய நாட்டுக்கும் உரியதன்று. வரியும் கண்டிப்பும் குறைவாக இருக்கும் நாட்டில் கப்பலைப் பதிவு செய்து அந்நாட்டுக் கொடியை ஏற்றிக்கொள்கின்றனர். வசதிக்கொடி என்று அதற்குப் பெயர். பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய நாடுகளின் கொடிகள் உலகக் கப்பல்களில் மிகுதியாகப் பறப்பதன் காரணம் இதுவே.

1967இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் ‘டோரி கேன்யன்’ என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. ஏறத்தாழ 1,20,000 டன் எண்ணெய் அதில் இருந்தது. கப்பல் அமெரிக்க நிறுவனத்தைச் சார்ந்தது, வாடகைக்கு எடுத்தது பிரிட்டிஷ் நிறுவனம், மாலுமிகள் இத்தாலியர், கொடி லைபீரியாவினது. யாரைப் பிடிப்பது என்றறியாமல் அரசு திகைத்தது. அதன் பின்னரே 1969இல் இழப்பீட்டு உடன்படிக்கையும், 1973இல் கப்பல்வழிக் கடல்மாசு தடுப்பு உடன்படிக்கையும் உருவாயின. அவற்றால் நன்மை விளைந்தது உண்மையே. எனினும் இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். அவ்வரம்பு கப்பலின் அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மாண்ட உயிர்களைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை.

2020ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் ‘வாகாஷியோ’ என்ற சரக்குக் கப்பல் மொரீசியசுத் தீவின் பவளப்பாறைமேல் ஏறி நின்றுவிட்டது. மொரீசியசு நமக்கு அயலான நாடன்று. அந்நாட்டின் பணத்தாளில் தமிழ் எழுத்து உள்ளது. கப்பலின் உரிமையாளர் சப்பானியர், கொடி பனாமாவினது, தலைவர் இந்தியர். தொலைபேசித் தொடர்பு கிடைக்கட்டும் என்று கரையை நெருங்கிச் சென்றனர் என்று விசாரணையில் வெளிவந்தது. வீட்டாரோடு பேசவேண்டும் என்னும் எளிய ஆசை; ஒரு சிறு கவனக்குறைவு. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் பவளக் கடலில் பரந்தது. அவ்வூர் மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்துத் தைத்து, மிதக்கும் தடுப்புகளாக்கி எண்ணெயை மறித்தனர். எண்ணூரில் வாளி, மொரீசியசில் கரும்புச் சோகை. எண்ணெயைக் கொண்டுசெல்லப் பேரறிவு உண்டு. சிந்தியதை எடுக்க ஏழையின் கை ஒன்றே உண்டு.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ கப்பலும் லைபீரியக் கொடி தாங்கியதே. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் நம் கன்னியாகுமரிக் கரைவரை வந்து ஒதுங்கின.

இவ்வளவும் கேட்டபின், ‘இதில் நமக்கென்ன பங்கு? நாம் கப்பல் வைத்திருக்கிறோமா, எண்ணெய் வாணிபம் செய்கிறோமா?’ என்று உங்களுள் சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு நம் நெறி தரும் விடை மிகக் கூர்மையானது.

தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என வினைக்கு மூன்று வாயில்கள் உண்டு என்று நாம் சிறுவயதிலேயே கற்கிறோம். கிருதம், காரிதம், அனுமோதனை என்பன அவை. மூன்றிலும் வினை வந்து ஒட்டும். கப்பலின் சட்டம் பொறுப்பைப் பலவாகக் கூறுபோட்டு, இறுதியில் எவர் கையிலும் இல்லாதபடி செய்துவிடுகிறது. நம் நெறியோ அக்கூறுகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்து, ஒவ்வொருவர் கையிலும் முழுமையாக வைக்கிறது. கப்பலைச் செலுத்தியவன் செய்தவன். அவசரப்படுத்திய வணிகன் செய்வித்தவன். மலிவாகக் கிடைத்தால் போதும் என்று, எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று கேளாமல் வாங்கி எரித்த நாம் உடன்பட்டவர். இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறது. அதில் பெரும்பகுதி கடல்வழியே வருகிறது. நம் வண்டி ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் பின்னால் கடலில் ஒரு கப்பல் ஓடுகிறது. சட்டம் வைத்த உச்சவரம்பு வினைக்கு இல்லை.

இல்லறத்தார்க்கு உரிய குணவிரதங்களை அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் வகுத்துரைக்கின்றன. அவற்றுள் ஒன்று திசைவிரதம். இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுத்துக்கொள்வது. கடல், ஆறு, காடு, மலை ஆகியவற்றை எல்லையாக வைக்கலாம் என்று சமந்தபத்திரர் சொன்னார். எல்லைக்கு அப்பால் அவ்விரதியால் நுண்ணிய தீங்கும் நேராது. அதனால் அவ்வளவில் அவர் துறவியையே ஒப்பார். நம் பாட்டிமார் பலர் இவ்விரதம் பூண்டு வாழ்ந்தனர். கடலுக்கு அப்பால் அவர்களால் ஓர் எறும்புக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. இன்று நாம் வீட்டைவிட்டு நகராமல் இருந்தாலும் பாரசீக வளைகுடாவரை நம் கை நீண்டிருக்கிறது. நம் கால் நிற்கிறது. நம் பொருட்டுக் கப்பல் நடக்கிறது.

மற்றொரு குணவிரதம் அநர்த்த தண்டவிரதம். பயனின்றிப் பிற உயிரை வருத்தாமை என்பது அதன் பொருள். அதன் பிரிவுகளுள் ஒன்றைப் பிரமாத சரியை என்பர்: தேவையின்றி மண்ணைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், செடியை முறித்தல், பயனின்றி அலைதல் ஆகியவை. வேண்டுமென்றே கடலை நஞ்சாக்கிய கப்பல் தலைவர் அரியர். விழிப்பின்மையால் ஆக்கியவரே பலர். மறதியையும் சோர்வையும் பாவத்தின் பட்டியலில் சேர்த்த நம் ஆசாரியரின் நுண்ணறிவை இங்கே போற்றவேண்டும். கொல்லவேண்டும் என்ற எண்ணம் இல்லாமலேயே கொலை நிகழும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மாமல்லபுரத்தில் தவக்காட்சி செதுக்கிய பெரும்பாறையைக் காணாதவர் நம்முள் இரார். அதன் அடிப்பகுதியில் ஒரு பூனை, முன்கால்களை உயர்த்திப் பின்கால்களில் நின்று தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் அதனை நம்பி நிற்கின்றன. மாணவர்களை அழைத்துச் சென்றபோதெல்லாம் அதைக் காட்டிச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்துப் பார்க்கையில் அப்பூனை எம்மையே ஒத்திருந்தது. காலையில் நீரைத் துணியில் வடிகட்டினோம். துணியில் தங்கிய நுண்ணுயிரை, நீர் எடுத்த கிணற்றிலேயே கழுவிவிட்டோம். பொழுது சாயுமுன் உண்டோம். அன்றைய பகலிலோ எண்ணற்ற உயிர்கள் கட்டிய வீட்டை விலை பேசி வாங்கி, அதன்மேல் ‘கல்’ என்று எழுதி ஒட்டினோம். தவமும் இருந்தது, எலியும் இறந்தது.

‘நான் ஒருவன் எண்ணெயைக் குறைத்தால் கப்பல் நின்றுவிடுமா?’ என்பது அடுத்த கேள்வி. நிற்காது. ஒரு குடம் நீரை வடிகட்டினால் உலகத்து நீர்வாழ் உயிரெல்லாம் பிழைத்துவிடுமா என்று நம் தாய்மார் கேட்டதுண்டா? அவர்கள் தம் குடத்தளவுக்குப் பொறுப்பேற்றனர். அந்தக் குடத்தளவே நம்மிடமும் கேட்கப்படுகிறது. ஆகவே இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் கைக்கொள்ளத்தக்க சில நியமங்களை வேண்டிக்கொள்கிறோம்.

முதலாவது, சங்கு, சிப்பி, பவளம் எதனையும் அழகுக்காக வாங்குவதில்லை என்று உறுதி கொள்வோம். மாமல்லபுரம் செல்லும் பிள்ளைகளுக்கு அதன் காரணத்தையும் சொல்வோம்.

இரண்டாவது, திங்களில் சில நாள்களேனும் சொந்த வண்டியைத் தொடேன் என்று திசைவிரதத்தைச் சிறு அளவில் மேற்கொள்வோம். திருக்கோயில் யாத்திரைக்கு ஆளுக்கொரு வண்டியில் செல்லாமல் ஊராக ஒரே பேருந்தில் செல்வோம். மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் நம் பெரியோர் அவ்வாறே சென்றனர்.

மூன்றாவது, வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற ஒருபோதும் இடம் கொடாதிருப்போம். சாக்கடை கால்வாயில் சேர்கிறது. கால்வாய் கடலில் சேர்கிறது. பழுதுபார்க்கும் கடைக்காரரிடம், ‘இதை எங்கே சேர்க்கிறீர்கள்?’ என்று ஒருமுறை கேட்டாலே போதும். கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அவர் கை தயங்கும்.

நான்காவது, வாக்குக் கேட்டு வருபவரிடம் கடலைப் பற்றியும் கேட்போம். 1990இல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு, கப்பல்கள் தனிக் கவனத்தோடு செல்லவேண்டிய கடற்பகுதியாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பால் ஏற்கப்பட்டது. அத்தகைய காப்பு மன்னார் வளைகுடாவுக்கும் வேண்டும் என்று விண்ணப்பிப்பதில் கட்சி வேறுபாடு எதுவும் இல்லை. சேதுக் கால்வாய் பற்றி நம் மேடைகளில் எவ்வளவோ பேசப்பட்டது. கால்வாய் வேண்டும் என்றவரும் வேண்டா என்றவரும் தத்தம் காரணங்களைச் சொன்னார்கள். வாக்கில்லாத, வாயிருந்தும் பேசவியலாத அவ்வுயிர்களுக்காகப் பேசுவது கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கே உரிய கடமை.

இனி எம் வீட்டு அலமாரியைப் பற்றி. குற்றத்தை மறைக்காமல் சொல்லி வருந்துதலும், மீண்டும் செய்யேன் என்று உறுதி கொள்ளுதலும் சேர்ந்ததே பிரதிக்கிரமணம். அப்பவளத் துண்டைக் கடலில் விட்டால் உயிர் திரும்பாது. பிறர்க்குக் கொடுத்தால் குற்றத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகும். அதனை முறைப்படி ஏற்றுக்கொள்ளுமாறு வனத்துறைக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். நாற்பது ஆண்டுகளாக அதில் ஒட்டியிருந்த தாளை நீரில் நனைத்துப் பெயர்த்தோம். பழைய மாணவியர் முகவரி தெரிந்தவரையில் ஒவ்வொருவருக்கும் ஓர் அஞ்சலட்டை எழுதத் தொடங்கியுள்ளோம். அதில் எழுதுவது இவ்வளவே: “அன்று உங்களுக்குத் தவறாகக் கற்பித்தோம். அது உயிர். உங்களிடம் கற்ற பிள்ளைகளைக் காண நேர்ந்தால் சொல்லுங்கள்.”

இதுவரை பதினேழு அட்டைகள் எழுதி முடித்தோம். எல்லார்க்கும் எழுதி முடிக்க ஆயுள் இடம் தருமோ, அறியோம். எழுதாமல் விட்டவர்க்கு இவ்வுரையே அவ்வட்டை ஆகுக. இதனைப் படிக்கும் நீங்களும் அறிந்தோ அறியாமலோ எதையேனும் கல் என்று சொல்லியிருந்தால், இச்சாதுர்மாஸ்யத்தில் ஒருமுறை அதனை எடுத்துப் பாருங்கள்.

எவ்வுயிரும் இன்புறுக! நல்லறம் ஓங்குக!